நொதர்ன் லீக்: சுரங்க ஊர்களின் உதைபந்தாட்டம்

இங்கிலாந்தின் வடகிழக்கில் 1889இல் உருவான நொதர்ன் லீக், இன்றும் இயங்கும் உதைபந்தாட்ட லீக்குகளில் உலகின் இரண்டாவது பழமையானது. மிடில்ஸ்பரோ போன்ற பெரிய கழகங்கள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட, ஊதியமின்றி ஆடியவர்களின் களமாக இது நிலைத்தது. டேர்ஹம் மாவட்டத்தின் நிலக்கரிச் சுரங்க ஊர்களே இதன் பலம்.

இதன் புகழ்பெற்ற கழகமான பிஷப் ஓக்லண்ட், இங்கிலாந்தின் அமெச்சூர் கிண்ணத்தை 10 தடவைகள் வென்றது. 1958இல் மியூனிக் விமான விபத்தில் வீரர்களை இழந்த மன்செஸ்ரர் யுனைற்றெட்டுக்கு, இக்கழகத்தின் 3 ஆட்டக்காரர்கள் கைகொடுத்தனர்.

வெஸ்ட் ஓக்லண்ட் கழகத்தின் கதை தமிழரையும் தொடுகிறது. பெரும்பாலும் சுரங்கத் தொழிலாளர்களைக் கொண்ட இந்த அணி, இத்தாலியின் துரின் நகரில் சேர் தோமஸ் லிப்டன் கிண்ணத்தை 1909இலும் 1911இலும் வென்றது. இரண்டாம் முறை இறுதியாட்டத்தில் யுவென்ரஸ் அணியை 6-1 என வீழ்த்தியது. பயணக் கடனை அடைக்க, வென்ற கிண்ணத்தையே 40 பவுணுக்கு அடகு வைத்தார்கள். 1960இல்தான் அது ஊருக்கு மீண்டது. 1994இல் களவுபோனது, இப்போது இருப்பது அதன் பிரதி.

கிண்ணத்தை வழங்கிய லிப்டன், இலங்கைத் தேயிலையால் பெயர்பெற்றவர். அப்புத்தளைக்கு அருகேயுள்ள அவரது தம்பேதென்னைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர்கள் மலையகத் தமிழர்.

1974இல் அமெச்சூர், தொழில்முறை என்ற பிரிவு நீங்கியது. பின்னர் சுரங்கங்களும் மூடப்பட்டன. ஆனாலும் அந்த ஊர்களின் பெயரில் கழகங்கள் இன்னும் ஆடுகின்றன. ஊர்ப்பெயரைக் கழகப்பெயராகச் சுமந்து புலத்தில் ஆடும் எங்கள் பிள்ளைகளுக்கு, இது அந்நியமான கதையல்ல.