பேஸ் இல்லாத ஜாஸ்: 'சக்தி' குழுவில் கடம் ஆற்றிய பணி

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத்தாம்ப்டன் கல்லூரி மேடையில் ஐந்து பேர் அமர்ந்தார்கள். கிட்டார் ஜான் மெக்லாஃப்லின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், மிருதங்கம் இராமநாதபுரம் வி. ராகவன், கடம் டி.எச். விநாயக்ராம். அன்றைய பதிவு மறு ஆண்டு 'சக்தி' குழுவின் முதல் இசைத்தட்டாக வெளிவந்தது. அதைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் வேகத்தையும் இரு மரபுகளின் சந்திப்பையுமே வியந்தார்கள். மேடையில் யார் இல்லை என்ற கேள்வி போதுமான அளவு கேட்கப்படவில்லை. ஜாஸ் குழுவின் முதுகெலும்பான பேஸ் கலைஞர் அங்கே இல்லை.

ஜாஸில் இது சிறிய விடுபடல் ஆகாது. ஆளுயர டபுள் பேஸின் நான்கு தந்திகள் ஒரே சமயத்தில் இரண்டு வேலை செய்கின்றன. தாளத்தின் ஒவ்வொரு அடியையும் ஊன்றிக் காட்டுவது ஒன்று. மாறிக்கொண்டே போகும் சுரக்கொத்துகளின் (கார்டுகளின்) வேர்ச்சுரத்தைத் தொட்டு, மேலே கற்பனை செய்பவருக்குத் தரை அமைத்துக் கொடுப்பது மற்றொன்று. அந்தத் தரையிலிருந்தே முழு மாளிகையையும் எழுப்பியவர் சார்லஸ் மிங்கஸ். 1922இல் அரிசோனாவின் நொகாலெஸில் பிறந்த அவர், பேஸ் வாசிப்பவரே குழுத்தலைவராகவும் இசையமைப்பாளராகவும் இருக்க முடியும் என்று நிலைநாட்டினார்.

மெக்லாஃப்லினுக்கு பேஸின் அருமை தெரியாமல் இல்லை. 1971 முதல் 1973 வரை அவருடைய மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவின் அடித்தளத்தைத் தாங்கியது ரிக் லேர்டின் மின்பேஸ். அப்படிப்பட்டவர் அடுத்த குழுவில் பேஸையே கைவிட்டது ஏன்?

முதல் காரணம் இசையின் கட்டமைப்பு. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றவர் மெக்லாஃப்லின். சங்கருடன் அவருக்கு நட்பு ஏற்பட்டதும் அங்கேதான். ராக இசையில் ஆதார சட்ஜம் அசைவதில்லை. அசையாத சுருதியின்மேல் சுரக்கொத்து மாற்றங்களைத் துரத்திக்கொண்டு நடக்க ஒரு பேஸ் தேவைப்படாது. ஜாஸும் ஏற்கெனவே இந்தத் திசையில் ஓர் அடி எடுத்து வைத்திருந்தது. 1959இல் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ', சுரக்கொத்து மாற்றங்களைக் குறைத்துச் சுரவரிசைகளின்மேல் நின்றது. மெக்லாஃப்லின் தம் கிட்டாரின் குறுக்கே தனியாக அதிர்வுத் தந்திகளைப் பூட்டிக்கொண்டார். சுருதிப் பின்னணி கிட்டாருக்குள்ளேயே கிடைத்தது.

இரண்டாவது காரணம்தான் இக்கட்டுரையின் மையம். சுருதியைத் தந்திகள் பார்த்துக்கொண்டால், அடித்தொனியில் தாளத்தை ஊன்றும் வேலை எஞ்சுகிறது. அந்த வேலையைத் தோல் வாத்தியங்களோடு சேர்ந்து, அவற்றைவிடத் தெளிவாக, விநாயக்ராமின் கடம் செய்தது. ஆகவே ஜாஸ் பேஸின் வரலாற்றில் அவருக்கு ஒரு பக்கம் உண்டு. அவரை ஜாஸ் கலைஞர் என்று பெயர் மாற்றிக் கூப்பிட இங்கே விருப்பம் இல்லை. அவர் முழுக்கக் கர்நாடக லயக்காரர். பேச்சு, குழுவுக்குள் அவர் வகித்த பொறுப்பைப் பற்றியது.

கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்து, அழுத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது ஆழ்ந்த 'கும்' ஒலி பிறக்கிறது. இதன் இயற்பியல் எளிது. பானைக்குள் இருக்கும் காற்று வாய்வழியே அதிர்கிறது. வாயின் திறப்பு குறுகக் குறுக அதிர்வெண் இறங்கும். வயிறு இங்கே ஒரு கதவுபோல் வேலை செய்கிறது. இறங்கி ஏறும் அந்த ஒலி, டபுள் பேஸின் தந்தியில் விரல் வழுக்கும்போது கேட்கும் குழைவுக்கு மிக அருகில் வருகிறது. நீண்டகாலம் உபபக்கவாத்தியமாக ஒதுங்கியிருந்த பானையில் இந்த அடித்தொனியை உலக மேடைக்கு ஏற்ற தனிக்குரலாக வளர்த்தவர் விநாயக்ராம்.

அவர் 1942இல் சென்னையில் பிறந்தார். குரு, தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா. அரங்கேற்றம் தூத்துக்குடி இராமநவமி விழாவில்; வி.வி. சடகோபனின் பாட்டுக்கு வாசித்தார். 1958இல் தந்தை தொடங்கிய ஜெய கணேஷ் தாளவாத்திய வித்யாலயாவைப் பின்னாளில் அவரே நடத்தினார். 1966இல் எம்.எஸ். சுப்புலட்சுமியின் அமெரிக்கப் பயணத்தில் கடம் அவருடையது. பிறகு 'சக்தி', அதன் பிறகு மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்', உலக இசைக்கான முதல் கிராமி விருதைப் பெற்ற தட்டு. 2002இல் பத்மஸ்ரீ, 2014இல் பத்மபூஷண்.

இந்த வாதத்தைச் சோதிக்கச் சிறந்த இடம் முதல் தட்டைவிட இரண்டாவது தட்டுதான். 'எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யில் ராகவன் இல்லை. நான்கு பேர் மட்டுமே. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியின் அடித்தொனி போன பிறகு, ஜாகிரின் தபலா இணையில் இடக்கைப் பாயாவும் விநாயக்ராமின் கடமும் கீழ்த்தளத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. பாயா வழுக்கிச் செல்கிறது. கடம் குத்தி நிறுத்துகிறது. மேற்கத்திய குழுவில் ஒருவர் தலையில் இருந்த சுமை இங்கே இரண்டு கலைஞர்களிடம் பிரிந்திருக்கிறது.

மறுப்பும் உண்டு, அது வலுவானது. ஒரு கடத்துக்கு ஒரு சுருதிதான். கச்சேரிக்கு ஏற்பப் பானையை மாற்றலாமே தவிர, பாட்டுக்கு நடுவே வேர்ச்சுரத்தை மாற்ற முடியாது. அடிக்கடி சுரக்கொத்து மாறும் மிங்கஸின் படைப்பில் கடம் பேஸின் இடத்தில் உட்கார முடியாது. இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதே மறுப்பு, பேஸின் இரு வேலைகளையும் தனித்தனியாகப் பிரிக்க முடியும் என்பதையும் காட்டிவிடுகிறது. 'சக்தி' அந்தப் பிரிவினையைச் செய்து காட்டிய குழு.

ராகவனின் ஊர்ப்பெயரும் கடம் செய்யும் மண்ணும் நம்மை விருதுநகர் வட்டாரத்துக்கு அழைத்து வருகின்றன. இதில் விருதுநகருக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். 1985 வரை விருதுநகர், சிவகாசி, மானாமதுரை, இராமநாதபுரம் எல்லாமே ஒரே மாவட்டம். மிருதங்கத்தில் சி.எஸ். முருகபூபதியும் பாட்டில் சி.எஸ். சங்கரசிவமும் இராமநாதபுரம் என்ற ஊர்ப்பெயரைக் கச்சேரி உலகில் நிறுத்தியவர்கள். சவுத்தாம்ப்டன் மேடையில் ராகவனின் பெயருக்கு முன்னால் நின்றதும் அந்த ஊர்தான். விருதுநகரில் ரயிலேறினால் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி கடந்து மானாமதுரை. கனமான சுவரும் கணீரென்ற நாதமும் கொண்ட கடங்கள் அங்கேதான் உருவாகின்றன. ஈரம் காயாத பானையை உள்ளே கல்லாலும் வெளியே பலகையாலும் தட்டித் தட்டி இறுக்கும் வேலையில்தான் அந்த நாதம் அமைகிறது. அந்தக் கைவினைக்காக மீனாட்சி கேசவன் சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். மானாமதுரை மண்பாண்டங்களுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

அடித்தொனியில் தாளம் ஊன்றும் பழக்கம் கச்சேரி மேடையோடு நிற்கவில்லை. விருதுநகர் பங்குனிப் பொங்கலிலும் இருக்கன்குடி ஆடித் திருவிழாவிலும் உறுமி முழங்கும்போது, வளைந்த குச்சி தோலில் உராய்ந்து எழுப்பும் ஆழ்ந்த முனகலைக் கூர்ந்து கேட்க வேண்டும். வறண்ட வானிலையை நம்பித் தீப்பெட்டியும் பட்டாசும் தொழிலாக வளர்ந்த இந்தக் கரிசல் பூமியில், ஆலை விடுமுறை நாளில் குலசாமி கும்பிட வரும் குடும்பங்களின் கால்களை அந்த ஒலிதான் ஆட வைக்கிறது. தெற்கே போகப் போக வில்லுப்பாட்டின் குடம் வருகிறது. அங்கே பானையின் வாயில் தட்டால் அடித்துக் கதைக்கு அடித்தளம் போடுகிறார்கள். உறுமி வாசிப்பவருக்கும் குடக்காரருக்கும் லாங் ஐலண்டைப் பற்றிக் கவலை இல்லை. ஆனால் தந்தியின்றி அடித்தொனி எழுப்பும் காது இந்த மண்ணில் முன்பே பழகியிருந்தது. விநாயக்ராம் உலகத்துக்குக் கொண்டுபோனது அந்தப் பழக்கத்தின் செவ்வியல் வடிவத்தை.

விநாயக்ராமின் மகன் வி. செல்வகணேஷ் கஞ்சிராவோடு 'சக்தி'யின் அடுத்த தலைமுறைக் குழுவில் சேர்ந்தார். 2023இல் வெளிவந்து 2024இல் கிராமி பெற்ற 'திஸ் மொமென்ட்' தட்டிலும் பேஸ் கலைஞர் இல்லை. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பிறகும் மாறாதிருந்த ஓர் ஏற்பாட்டைத் தற்செயல் என்று சொல்வதற்கில்லை.

இனி வேண்டியது அளவீடு. மானாமதுரைக் கடம், உறுமி, வில்லுப்பாட்டுக் குடம் ஆகிய மூன்றின் அடித்தொனியையும் ஒலிப்பதிவு செய்து, டபுள் பேஸின் கீழ்த்தந்தியோடு ஒப்பிடும் ஆய்வைத் தொடங்க வேண்டும். சிவகாசி அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரியும் விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியும் இந்த மண்ணிலேயே இருப்பவை. அவற்றின் தமிழ்த் துறையும் இயற்பியல் துறையும் கைகோத்தால் இந்த வேலை நடக்கும். மண்ணைப் பிசையும் கைகளும் உறுமியை உராயும் கைகளும் வேலை செய்துகொண்டிருக்கும்போதே ஆய்வாளர்கள் இதை எடுத்துக்கொள்ள வேண்டும்.