செவ்வானம் யாருடைய சாட்சி?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தபோது, எங்கள் பக்கங்களிற் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளையிலேயே அச்சாகின. சேலையின் சிவப்பு எவ்வளவு சிவப்பாக இருக்கவேண்டும் என்ற கேள்வி ஆசிரியபீடத்தின் மேசைக்கு வந்ததேயில்லை. இன்றோ கைத்தொலைபேசி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதற்கு விடை சொல்லவேண்டியவர்களாக உள்ளனர். அக்கேள்விக்கு ஒரு வரலாறும் உண்டு.

அமெரிக்க ஓவிய ஆசிரியரான அல்பேர்ட் மன்செல் 1905ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், நிறத்தை மூன்று அளவைகளாற் குறிக்கலாம் என்றார். எந்த நிறம், எவ்வளவு வெளிச்சம், எவ்வளவு செறிவு என்பனவே அவை. சாம்பலிலிருந்து எத்தனை தூரம் விலகி நிற்கின்றதோ, அத்தனைக்கு அந்நிறம் செறிவானது.

பிலிம் காலத்தில் இச்செறிவைப் பெரிதும் தீர்மானித்தவர்கள் பிலிம் தயாரிப்பாளர்களே. 1935இல் கொடாக்குரோம் வந்தது. 1990இல் ஃபியூஜி நிறுவனத்தின் வெல்வியா வந்தது. இலையின் பச்சையையும் வானத்தின் நீலத்தையும் தூக்கிக் காட்டிய வெல்வியாவை இயற்கைக் காட்சிகளைப் படம்பிடிப்போர் கொண்டாடினர். அதே 1990இல்தான் ஃபோட்டோஷொப் மென்பொருளும் விற்பனைக்கு வந்தது. அதுவரை பிலிம் சுருளுக்குள் அடைபட்டிருந்த தீர்மானம், படிப்படியாகத் திருத்துபவரின் விரல் நுனிக்கு இடம்மாறியது.

அதன் விலையை 2006ஆம் ஆண்டு அமெரிக்காவின் 'சார்லட் ஒப்சேர்வர்' பத்திரிகையின் படப்பிடிப்பாளர் ஒருவர் செலுத்தினார். தீயணைப்பு வீரர் ஒருவரை அவர் எடுத்த படத்தில் பழுப்புச் சாம்பலாகப் பதிவாகியிருந்த வானம், பத்திரிகையில் ஆழ்ந்த சிவப்பாக வெளிவந்தது. சூரிய ஒளியைச் சமாளிக்க வெளிச்சத்தைக் குறைத்து எடுத்ததால் இழந்துபோன நிறத்தையே தாம் மீட்டதாக அவர் விளக்கினார். நிருவாகம் அதனை ஏற்கவில்லை. அவர் வேலையை இழந்தார்.

2009இல் டென்மார்க்கின் ஆண்டுப் பத்திரிகைப் படப் போட்டியிலும் இதுவே நடந்தது. ஹெயிட்டியில் எடுக்கப்பட்ட படங்களின் நிறம் மிகையாக இருப்பதாக ஐயுற்ற நடுவர்கள், கமெராவின் மூலக்கோப்புகளைக் கேட்டு வாங்கி ஒப்பிட்டனர். அப்படங்கள் போட்டியிலிருந்து விலக்கப்பட்டன.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. மூலக்கோப்பு என்பதும் முடிந்த படம் அன்று. கமெராவின் உணரி பதித்த எண்களை ஏதோவொரு மென்பொருள் நிறமாக விளக்கியாக வேண்டும். ஆகவே தொடாத படமே உண்மையான படம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் எல்லையே இல்லை என்பதும் அதன் பொருளன்று.

என் அனுபவத்தில் சில வழிகள் உதவியிருக்கின்றன. முதலில் வெள்ளைச் சமநிலையைச் சரிசெய்யுங்கள். நிறம் மங்கியதாகத் தோன்றும் குறை பல வேளைகளில் அதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து, 'சற்றுரேஷன்' எல்லா நிறங்களையும் ஒருசேர உயர்த்தும். 'வைப்ரன்ஸ்' மங்கிய நிறங்களைக் கூடுதலாகவும் ஏற்கெனவே செறிந்தவற்றைக் குறைவாகவும் உயர்த்தும். ஆதலால் மனித முகங்கள் உள்ள படத்துக்குப் பின்னதே பாதுகாப்பானது. சிவப்பின் அளவு உச்சமான 255ஐத் தொட்டுவிட்டால், பட்டுச்சேலையின் மடிப்புகள் மறைந்து வெறும் சிவப்புப் பரப்பே எஞ்சும். பத்திரிகைத் தாளோ மையை உறிஞ்சுவது. திரையில் மின்னும் நிறத்தை அது தாங்காது. இறுதியாக, திருத்திய படத்தை மூடிவைத்து, சிறிது நேரம் கழித்து மீண்டும் பாருங்கள். கண் மிகைக்கு விரைவிலேயே பழகிவிடும். ஓய்வெடுத்த கண்ணே நீதி சொல்லும்.

திருமண அல்பத்தில் வானம் சற்றுச் சிவந்தால் எவருக்கும் கேடில்லை. செய்திப்படத்தின் நிலை வேறு. எரிந்த வீட்டின் புகையும் காயத்தின் குருதியும் அங்கே சாட்சியங்கள். அவற்றின் நிறத்தை நாம் ஒருமுறை மிகைப்படுத்திப் பிடிபட்டால், மறுமுறை நாம் காட்டும் உண்மையான குருதியையும் வாசகர் நம்பமாட்டார். நடந்ததை மறுக்கக் காத்திருப்போருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

படத்தின் கவர்ச்சியைவிடச் சாட்சியின் மதிப்பே பெரிது.