கோள் நெபுலாக்களின் வேதிச் சேர்க்கை: விண்மீனின் கடந்த காலம் தெரிவது எப்படி?

சூரியனைப் போன்ற விண்மீன்கள் தமது இறுதிக்கட்டத்தில் வெளியேற்றும் ஒளிரும் வாயுப் படலமே கோள் நெபுலா எனப்படுகிறது. கோள்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தொலைநோக்கியில் மங்கலான வட்டத் தட்டாகத் தெரிந்ததால், 18-ஆம் நூற்றாண்டில் வில்லியம் ஹெர்ஷல் இட்ட பெயர் இது. பொருந்தாதது எனத் தெரிந்த பின்னரும் நிலைத்துவிட்டது.

1864-இல் வில்லியம் ஹக்கின்ஸ், என்ஜிசி 6543 என்ற நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்து ஆராய்ந்தபோது, அதுவரை அறியப்படாத பச்சை நிறக் கோடுகள் தென்பட்டன. அவை 'நெபுலியம்' என்ற புதிய தனிமத்துக்கு உரியவை எனப் பின்னர் கருதப்பட்டது. அப்படியொரு தனிமமே இல்லை என்பதும், இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அவற்றை உமிழ்கிறது என்பதும் 1927-இல் ஐரா போவன் அளித்த விளக்கத்தால் தெளிவாயின.

நெபுலாவிலுள்ள தனிமங்களின் விகிதம், மறைந்த விண்மீனின் நிறையை உணர்த்துகிறது. விண்மீனின் உட்பகுதியில் ஹீலியம் எரிந்து கார்பன் உருவாகிறது. சூரியனைப்போல் சுமார் 2 அல்லது 3 மடங்கு நிறையுள்ள விண்மீன்களில் அந்தக் கார்பன் மேற்பரப்புக்குக் கொண்டுவரப்படுகிறது. இன்னும் நிறை மிகுந்தவற்றிலோ, வெளியடுக்கின் அடிப்பகுதி கடும் வெப்பமடைவதால் கார்பனின் பெரும்பகுதி நைட்ரஜனாக மாறிவிடுகிறது. ஆகவே, நைட்ரஜனும் ஹீலியமும் செறிந்த நெபுலா, பெரிய விண்மீன் ஒன்றின் எச்சம் எனக் கொள்ளலாம். ஆக்சிஜனின் அளவு பெரும்பாலும் அதிகம் மாறுவதில்லை. விண்மீன் பிறந்த வாயுமேகத்தின் தன்மையை அறிய அதுவே உதவுகிறது.

இந்தக் கணக்கில் அடங்காதவையும் உண்டு. சில நெபுலாக்களின் மைய விண்மீன்களில் ஹைட்ரஜன் ஏறக்குறைய இல்லை. ஹீலியம் மீண்டும் ஒருமுறை பற்றியெரிந்து எஞ்சிய ஹைட்ரஜனை அழித்திருக்கலாம் என்பது பரவலான கருத்து. காவலூர் வைணு பாப்பு ஆய்வகத்தின் 2.3 மீட்டர் தொலைநோக்கியில் பெற்ற நிறமாலையைக் கொண்டு பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனம் ஆராய்ந்த ஐசி 2003 இவ்வகையைச் சேர்ந்ததே.

அளவீட்டிலும் ஒரு சிக்கல் நீடிக்கிறது. ஒரே நெபுலாவின் ஆக்சிஜனை, அயனிகள் மோதலால் உமிழும் பிரகாசமான கோடுகளைக் கொண்டு கணித்தால் ஓர் அளவும், எலக்ட்ரான்கள் அயனிகளுடன் மீண்டும் சேரும்போது எழும் மங்கலான கோடுகளைக் கொண்டு கணித்தால் வேறோர் அளவும் கிடைக்கின்றன. பின்னது பொதுவாக 2 முதல் 3 மடங்கு அதிகம்; சிலவற்றில் 10 மடங்கையும் தாண்டுகிறது. வாயுவுக்குள் ஹைட்ரஜன் குறைந்த குளிர்ந்த திட்டுகள் இருப்பதே காரணம் என்பது ஒரு விளக்கம். எல்லா நெபுலாக்களுக்கும் அது பொருந்துமா என்பதில் ஒருமித்த முடிவு எட்டப்படவில்லை.