காணாத எலும்பைக் கண்ட கதை: பல் இம்ப்ளான்ட் சிகிச்சையில் படமெடுப்பின் வளர்ச்சி

பல் இம்ப்ளான்ட்டின் வரலாற்றை டைட்டானியத்தின் வரலாறாகவே எழுதிவருகிறோம். அது பாதிக் கதைதான். எந்த உலோகம் என்ற கேள்விக்கு விடை கிடைத்த பிறகும் மருத்துவர்களை அலைக்கழித்தது இன்னொரு கேள்வி: ஈறுக்கு அடியில் இருக்கும் எலும்பை, ஈறைத் திறக்காமல் எப்படிப் பார்ப்பது?

1952இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனமார்க் ஆராய்ந்தது பல்லை அல்ல. எலும்பு மஜ்ஜையில் ரத்தம் ஓடுவதைப் பார்க்க, உயிருள்ள முயலின் கால் எலும்பில் டைட்டானியக் கூடு கொண்ட நுண்ணோக்கி அமைப்பைப் பதித்திருந்தார். சோதனை முடிந்ததும், விலையுயர்ந்த கருவியாயிற்றே, அடுத்த முயலுக்கு ஆகட்டும் என்று எடுக்கப் பார்த்தால் வரவில்லை. எலும்பு உலோகத்தோடு ஒன்றிப்போயிருந்தது. 1965இல் கோதன்பர்க்கில் முதல் நோயாளிக்குக் கீழ்த்தாடையில், செயற்கைப் பல்லுக்கு வேராக, டைட்டானியத் திருகுகள் பொருத்தப்பட்டன. வட அமெரிக்கப் பல் மருத்துவம் அதைப் பரவலாக ஏற்றது 1982ஆம் ஆண்டு டொரான்டோ மாநாட்டுக்குப் பிறகே. அதுவரை வந்த இம்ப்ளான்ட்களில் பல ஆட்டங்கண்டு கழன்றதை நினைத்தால், அந்தத் தயக்கத்தைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை.

அன்றைய மருத்துவர் கையில் இருந்தது ஓ.பி.ஜி., அதாவது தாடை முழுவதையும் ஒரே தாளில் விரித்துக் காட்டும் எக்ஸ்-ரே. அதில் எலும்பின் உயரம் தெரியும், தடிமன் தெரியாது. தெரிகிற உயரமும் உள்ளதைவிடப் பெரிதாகவே விழும். அதைச் சரிக்கட்ட ஓர் எளிய உத்தி இருந்தது: 5 மி.மீ. விட்டமுள்ள எஃகு உருண்டையை மெழுகில் பதித்து, நோயாளியின் வாயில் வைத்துப் படமெடுப்பது. படத்தில் உருண்டை 6 மி.மீ. இருந்தால், 12 மி.மீ. என்று தெரியும் எலும்பு உண்மையில் 10 மி.மீ.தான். கீழ்த்தாடைக்குள் ஓடும் நரம்புக்கு மேலே 2 மி.மீ. விட்டுவைக்க வேண்டும். ஆக, திருகுக்கு மிஞ்சுவது 8. இந்தக் கணக்கு பிசகினால் கீழுதடும் முகவாயும் மரத்துப்போகும். சிலருக்கு அது நிரந்தரம். தடிமனோ பெரும்பாலும் ஈறைத் திறந்த பிறகுதான் தெரிந்தது.

மருத்துவமனை சி.டி. இதைத் தீர்த்திருக்கலாம். செலவும் கதிர்வீச்சும் தடுத்தன. 1998இல் இத்தாலியின் வெரோனாவைச் சேர்ந்த பியெரோ மோட்சோ குழுவினர் கோன் பீம் சி.டி. பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். கூம்பாக விரியும் கதிர் தலையை ஒரே ஒரு சுற்றுச் சுற்றுகிறது. தாடையின் முப்பரிமாண உருவம் கிடைத்துவிடுகிறது. வழக்கமான சி.டி.யைவிடக் கதிர்வீச்சும் குறைவு. என் கணிப்பில் டைட்டானியத்துக்கு அடுத்த பெரிய திருப்பம் இதுதான்.

பல்லைக் கேமராவால் அளவெடுக்கும் வழக்கம் 1985இல் சூரிச்சில் வெர்னர் மோர்மன் கையில் தொடங்கியது. அது சொத்தை அடைப்புக்காக வந்த கருவி. அதன் வழிவந்த ஸ்கேனர் ஈறின் மேற்பரப்பைத் தர, சி.டி. எலும்பைத் தர, கணினி இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்தியது. வேலையின் வரிசையே தலைகீழானது. முதலில் திரையில் பல்லை வைக்கிறார்கள்; அந்தப் பல்லுக்கு வேர் எங்கே இறங்க வேண்டும் என்று பிறகு பார்க்கிறார்கள். அந்த இடத்தில் துளையிட்ட வழிகாட்டித் தகட்டை 3டி பிரிண்டர் அச்சிட்டுத் தருகிறது.

தகடு இருந்தால் குறி தப்பாது என்று விளம்பரங்கள் சொல்லும். 2018இல் வெளியான ஒரு தொகுப்பாய்வில் சராசரி விலகல் நுழைவிடத்தில் 1.2 மி.மீ., முனையில் 1.4 மி.மீ., சாய்வில் 3.5 பாகை. ஆகவே அந்த 2 மி.மீ. இடைவெளி இன்னும் செல்லாக்காசாகிவிடவில்லை. தகட்டால் வேறொரு தொல்லையும் உண்டு: துளையிடும்போது எழும் சூடு. எலும்பு 47 டிகிரி செல்சியஸ் சூட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது என்று எரிக்சனும் ஆல்பிரெக்ட்சனும் 1983இல் முயல்களில் காட்டினார்கள். குளிர்விக்கும் நீர் துளைமுனையை எட்டவிடாமல் தகடே மறித்துவிடக்கூடும் என்பதால், கை தேர்ந்தவர் டிரில்லை இடைவெளி விட்டு விட்டு இறக்குவார்.

2017இல் சீனாவின் சியான் நகரில் ஒரு ரோபோ, மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்திருக்க, ஒரு பெண்ணுக்கு இரண்டு இம்ப்ளான்ட்களைத் தானே பொருத்தியது. ஆனால் எலும்பு ஒட்டும் காலத்தைக் குறைத்தது கணினி அல்ல. மணல் வீசி, அமிலத்தில் அரித்துச் சொரசொரப்பாக்கிய திருகின் மேற்பரப்புதான் பல மாதக் காத்திருப்பை, நல்ல எலும்பு உள்ளவர்களுக்கு, ஆறு வாரம் வரை இறக்கியது. ஒட்டிவிட்டதா என்று பார்க்க 1996இல் நீல் மெரிடித் குழுவினர் அதிர்வை அளக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள். இன்று அது 1 முதல் 100 வரையிலான ஓர் எண். எண் ஏறவில்லையென்றால் மருத்துவர் கருவியை எடுத்து வைத்துவிட்டு, சில வாரம் கழித்து வரச் சொல்வார்.