ஆறு நாள் ஊழியமும் ஆண்டு வரியும்

முல்லைத்தீவிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் வீதி சிலாவத்தை, அளம்பில், செம்மலை ஆகிய ஊர்களைக் கடந்து நாயாற்றை அடைகின்றது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு, இடையே பாலம். விடியற்காலையில் அங்கு நின்றால், கரைக்கு வந்த மீனைப் பெட்டியில் இட்டு, ஐஸ் தூவி, மோட்டார் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு வியாபாரிகள் விரைவதைக் காணலாம். சிலர் இன்றும் சாதாரண சைக்கிளிலேயே போகின்றனர். அவர்களுள் ஒருவர் ஒருநாள் எம்மிடம் கேட்டார்: "மாஸ்ரர், வருசா வருசம் ரோட்டு வரி கட்டிறம். இனிப் போனிலயே கட்டலாமெண்டு சொல்லினம். கட்டிற விதம் மாறினா, கட்டிற ஆளும் மாறுமோ?"

சிரித்துக்கொண்டு கேட்ட கேள்விதான். ஆயின், இந்நாட்டின் வீதி வரி வரலாறு முழுவதையும் அக்கேள்வியை வைத்தே அளந்துவிடலாம் என்று நமக்குத் தோன்றுகிறது.

வழிக்கு விலை கேட்பது புதிய வழக்கமன்று. மிளகுப் பொதி சுமந்த கழுதைகளோடு வணிகர் சாத்து செல்வதையும், பெருவழியில் உல்கு பெறப்படுவதையும், வில் ஏந்தியோர் காவல் இருப்பதையும் பெரும்பாணாற்றுப்படை நமக்குக் காட்டுகின்றது. அரசனுக்கு உரிய பொருள்களுள் உல்கையும் ஒன்றாக வள்ளுவர் எண்ணினார். முதற் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் நிலைத்தது. தவிர்த்ததற்கே ஒரு பட்டம் கிடைக்குமாயின் சுமை எத்தகையதாய் இருந்திருக்கும்! எனினும் அந்தச் சுங்கம் வணிகப் பொருளின்மேல் விழுந்தது. பொருளில்லாதவனிடம் அரசு வேறொன்றைக் கேட்டது; அவனுடைய உடலுழைப்பை. யாழ்ப்பாண நாட்டில் அதற்கு ஊழியம் என்று பெயர். கண்டி நாட்டில் இராசகாரியம்.

கோல்புறூக் ஆணைக்குழுவின் பரிந்துரைப்படி 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டது. அதனை மனிதாபிமானச் செயலென்று பாடநூல்கள் போற்றுகின்றன. அதில் உண்மையுண்டு, ஆனால் முழு உண்மையன்று. கட்டாய ஊழியத்திற் கட்டுண்டிருந்த குடியானவன் கூலிச் சந்தைக்கு வரவேண்டும் என்பதும் அன்றைய வணிக மூலதனத்தின் தேவையாயிருந்தது. குடியானவனோ தன் வயலைவிட்டுக் கோப்பித் தோட்டத்துக்கு எளிதில் வரவில்லை. அதனால் தென்னிந்தியாவிலிருந்து உழைப்பாளர் கொண்டுவரப்பட்டனர். மன்னாரில் இறங்கி, காட்டு வழியே மதவாச்சி கடந்து மாத்தளை வரை கால்நடையாகச் சென்ற அம்மக்களுள் எத்தனையோ பேர் வாந்திபேதியால் வழியிலேயே மாண்டனர். வீதியின் வரலாற்றில் அவர்களுக்கும் ஓர் அத்தியாயம் உண்டு.

பதினாறே ஆண்டுகளில் கட்டாய ஊழியம் வேறு வேடம் பூண்டு திரும்பி வந்தது. கோப்பி விலை வீழ்ந்து அரசின் கையிருப்புக் குன்றிய காலம். தேசாதிபதி டொறிங்டன் பிரபுவின் ஆட்சி, துப்பாக்கிக்கு வரி, நாய்க்கு வரி, கடைக்கு வரி என்று விதித்துவிட்டு, 1848இல் வீதிக் கட்டளைச் சட்டத்தையும் இயற்றியது. 18 வயது முதல் 55 வயது வரையுள்ள ஒவ்வோர் ஆணும் ஆண்டுக்கு ஆறு நாள் வீதியில் வேலை செய்ய வேண்டும். இயலாதாயின் மூன்று சிலிங் செலுத்த வேண்டும். காசுள்ளவன் காசைக் கொடுத்து நிழலில் இருக்கலாம். இல்லாதவன் வெயிலில் மண் சுமக்க வேண்டும். தோட்டத் துரைக்கும் மூன்று சிலிங். தோட்டத்து அயலில் குரக்கன் விதைக்கும் ஏழைக்கும் மூன்று சிலிங். அவ்வீதிகளின் பெரும்பயன் மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவது என்பதை அன்றைய குடியானவனுக்கு எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அவ்வாண்டு யூலையில் மாத்தளையும் குருநாகலும் கிளர்ந்தெழுந்தன. இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று. புரன் அப்பு 1848 ஓகஸ்ட் 8ஆந் திகதி கண்டியிற் சுட்டுக் கொல்லப்பட்டான். கொங்காலேகொட பண்டா மலாக்காவுக்கு நாடு கடத்தப்பட்டான். இங்கிலாந்துப் பாராளுமன்றத்திலும் இவ்விவகாரம் எழுந்து, 1850இல் டொறிங்டன் திருப்பி அழைக்கப்பட்டார். தேசாதிபதி போனார், வீதி வரி போகவில்லை. 1861ஆம் ஆண்டின் பெருந்தெருக்கள் கட்டளைச் சட்டம் அதே ஆறு நாளைத் தொடர்ந்து கேட்டது.

வன்னியை எண்ணும்போது இச்சட்டத்தின் மற்றொரு முகம் தெரிகின்றது. தலைக் கணக்கில் உழைப்பை வாங்கி வீதி போடுவதாயின், தலைகள் குறைந்த நாட்டுக்கு வீதி எங்கிருந்து வரும்? காய்ச்சலாலும் குளங்கள் தூர்ந்ததாலும் மக்கள் அருகிய நிலம் அன்றைய வன்னி. இங்கு நாயாற்றிலும் கொக்கிளாயிலும் களப்பின் வாய்கள் கரையோரப் பாதையை வெட்டி நிற்கின்றன. ஆறு நாள் மண் சுமந்தால் பாலம் முளைத்துவிடாது. வரி ஒருசீராக இருந்தது. வீதி ஒருசீராக இருக்கவில்லை. கொக்கிளாய் முகத்துவாரத்துக்குப் பாலம் வேண்டும் என்ற கோரிக்கை எவ்வளவு பழையதென்பதை இப்பகுதி முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

இந்தத் தலைவரியை அசைத்தவர்கள் கொழும்பின் இளைஞர்கள். 1920களின் தொடக்கத்தில் ஏ. ஈ. குணசிங்கவும் இளம் இலங்கைச் சங்கத்தாரும் ஆண்டுக்கு இரண்டு ரூபா கட்ட மறுத்து, சட்டம் சொல்லுகின்றபடி வீதி வேலைக்கே நாம் வருகின்றோம் என்று முன்வந்தனர். படித்த இளைஞர் தெருவிற் கல்லுடைக்கும் காட்சி, வரியின் இழிவை ஆயிரம் துண்டுப் பிரசுரங்களைவிடத் தெளிவாக உணர்த்தியது. தலைவரி பின்னர் நீக்கப்பட்டது. பிற்காலத்தில் தொழிற்சங்கத் தலைவரான குணசிங்க மலையாளத் தொழிலாளருக்கு எதிராக நஞ்சு கக்கினார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் இந்த ஒரு செயலுக்கு அவருக்குரிய கடன் உண்டு.

இதற்கிடையே வீதியில் புதிய உயிரொன்று தோன்றியிருந்தது. 1902இல் முதல் மோட்டார் வாகனம் இலங்கைக்கு வந்தது. 1928இல் அதற்கெனத் தனித் திணைக்களம் உருவாயிற்று. 1938ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமும், சுதந்திரத்தின் பின் 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமும் இன்றைய முறைக்கு அடித்தளமிட்டன. தலையில் இருந்த வரி சக்கரத்துக்கு மாறிற்று. பாரமான வண்டிக்குக் கூடிய கட்டணம், இலேசான வண்டிக்குக் குறைந்த கட்டணம் என்ற நெறி வந்தது. இது முன்னேற்றமே.

ஆனால் சிறிய சக்கரங்களை மறந்துவிடலாகாது. மோட்டார் பூட்டாத வண்டிகளுக்கான வரியை உள்ளூராட்சி மன்றங்கள் அறவிட்டு வந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் கீழ் வர்த்தமானியில் வெளியாகும் அட்டவணையை ஆசிரியர்கள் ஒருமுறை வகுப்பிற் படித்துக் காட்டலாம். யானைக்கு 50 ரூபா. மாட்டு வண்டிக்கு 20 ரூபா. சைக்கிளை வியாபாரத்துக்குப் பயன்படுத்தினால் 18 ரூபா. வேறு தேவைக்காயின் 4 ரூபா. பாடசாலைக்குச் சைக்கிளிற் போகும் எம்போன்றோர் 4 ரூபா. மீன் பெட்டி கட்டியவர் 18 ரூபா! தொகை அற்பம், பல இடங்களில் எவரும் அதனை அறவிடுவதுமில்லை என்று சொல்லலாம். தொகையைப் பற்றியதன்று நம் கவலை. இலாபம் ஈட்டும் சக்கரம் கூடக் கொடுக்க வேண்டும் என்ற நியாயமான கோட்பாடு, பெருமுதலாளியிடம் போவதற்கு முன் மீன் விற்பவனின் சைக்கிளில் வந்து நிற்பதைத்தான் காண்கின்றோம்.

1987இன் பதின்மூன்றாம் திருத்தம் மோட்டார் வாகன அனுமதிக் கட்டணத்தை மாகாண சபைகளுக்கு உரியதாக்கிற்று. வட மாகாண சபைக்கோ முதற்றேர்தல் 2013 செப்தெம்பரிலேதான் நடந்தது. 2018 ஒற்றோபரில் அதன் காலம் முடிந்தபின் நிர்வாகம் ஆளுநர் கைக்குச் சென்றது. இந்த இடைவெளிக்குள் வன்னி பட்டவை பல. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கருநாட்டுக்கேணி, கொக்குத்தொடுவாய், நாயாறு முதலிய ஊர்களின் மக்கள் வெளியேற நேர்ந்தது. எரிபொருள் தடைக் காலத்தில் ஒரு துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார் சைக்கிள்களை இங்கு யாரும் மறக்கவில்லை. 2002 ஏப்பிரிலில் ஏ9 வீதி திறந்தபோது விடுதலைப் புலிகள் தம் எல்லையில் வாகனங்களுக்கும் பொருள்களுக்கும் ஆயம் வாங்கினர். சமகாலத்தில் அரசின் கச்சேரிகளும் இயங்கின. ஒரே வீதிக்கு இரண்டு அரசுகள் விலை கேட்டன. இரண்டுக்கும் கொடுத்தது ஒரே மனிதனின் மடி. 2009இல் முள்ளிவாய்க்காலில் சைக்கிளும் உழவு இயந்திரமும் மலைமலையாகக் கைவிடப்பட்டுக் கிடந்தன. ஓடாத வண்டிக்கு அதனை முன்கூட்டியே அறிவித்து வரிவிலக்குப் பெறச் சட்டத்தில் இடமுண்டு. பதுங்கு குழியிலிருந்தவன் யாருக்கு அறிவிப்பான்?

இனி, இன்றைய மாற்றத்துக்கு வருவோம். காப்புறுதிப் பத்திரம், புகைப் பரிசோதனைச் சான்று, பழைய அனுமதிப்பத்திரம் ஆகியவற்றோடு பிரதேச செயலகத்தில் வரிசையில் நிற்பதற்குப் பதிலாக, வீட்டிலிருந்தே இணையத்திற் கட்டணம் செலுத்தும் வழி திறந்துள்ளது. நாயாற்றான் ஒருவன் செயலகத்துக்குச் சென்று வர அரைநாட் கடல் தொழிலை இழக்கிறான். அந்த இழப்பும் ஒருவகை ஊழியமே. ஆதலால் இம்மாற்றத்தை வரவேற்கிறோம். ஆயின் இணையம் வங்கி அட்டையைக் கேட்கிறது. மீன் விற்ற காசோ ஈரத்தாளாக மடியில் இருக்கிறது.

பிரித்தானியாவின் கதையும் இங்கு நினைக்கத்தக்கது. அங்கே 1921 முதல் கண்ணாடியில் ஒட்டப்பட்டுவந்த வட்டக் காகிதம் 2014 ஒற்றோபர் 1ஆந் திகதி கைவிடப்பட்டது. வங்கிக் கணக்கிலிருந்து மாதந்தோறும் தவணையாகவும் கட்டலாம் என்றனர். நல்லதுதான். ஆனால் ஒரே முறையில் முழுத் தொகையையும் கட்டக்கூடியவனைவிட, மாதத் தவணையிற் கட்டுபவன் நூற்றுக்கு 5 கூடுதலாகக் கொடுக்க வேண்டும். மூன்று சிலிங்கை எறிந்துவிட்டு நிழலில் இருந்தவனை இங்கே மீண்டும் சந்திக்கிறோமல்லவா?

நம் மீன் வியாபாரி சென்ற முறை வரி கட்டியதைக் கண்டோம். உயர்தர வகுப்பு மாணவனொருவன் தன் தமக்கையின் வங்கி அட்டையைக் கொண்டு கைத்தொலைபேசியிற் பணம் செலுத்தி, தற்காலிகப் பத்திரத்தைச் சந்தியில் அச்சடித்துக் கொடுத்தான். அச்சுக்குக் காசு, தமக்கைக்கு வரிப்பணம், தம்பிக்கு ஒரு பை மீன். "ஆறு நாள் இல்லை, மாஸ்ரர், அரை மணித்தியாலம்," என்று சொல்லிவிட்டு அவர் பாலத்தைக் கடந்து போனார். பெட்டியிலிருந்து ஐஸ் நீர் வீதியிற் சொட்டிக்கொண்டே போயிற்று.