ஒன்ஸ் மோருக்காக செய்த பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் நியூ ஆர்டர் குழுவுக்கு ஒரு கெட்ட பெயர் இருந்தது. கூட்டம் எவ்வளவு கத்தினாலும் திரும்பி வந்து 'ஒன்ஸ் மோர்' வாசிக்க மாட்டார்கள். அதற்கு அவர்கள் யோசித்த தீர்வு எனக்கு ரொம்பப் பிடிக்கும். மிஷின்களே வாசிக்கிற மாதிரி ஒரு பாட்டு செய்துவிடுவோம், பட்டனைத் தட்டிவிட்டு நாம் நடையைக் கட்டலாம். 1983 மார்ச்சில் வந்த 'ப்ளூ மண்டே' அப்படித் தொடங்கியதுதான் என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். சோம்பேறித்தனத்தில்தான் நல்ல ஆட்டோமேஷன் பிறக்கும், எங்கள் தொழிலில் இது எல்லோருக்கும் தெரியும்.

இன்றைக்கு லேப்டாப்பில் செய்துவிடலாம். அன்றைக்கு மிஷின்களை இணைக்கும் மிடி அப்போதுதான் வந்துகொண்டிருந்தது. அவர்களிடம் இருந்தது ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மிஷின், கூடவே பெர்னார்ட் சம்னர் கிட் வாங்கித் தானே சால்டர் வைத்துக் கட்டிய ஒரு சீக்வென்சர். டிரம்மர் ஸ்டீஃபன் மோரிஸ் கால் பட்டு வயர் பிடுங்கிக்கொண்டதில் முதலில் போட்ட தாளம் மொத்தமும் போயே போச்சு. பழைய தாளம்தான் இதைவிட நன்றாக இருந்தது என்று பேஸ் கிட்டார் வாசித்த பீட்டர் ஹுக் பல வருஷம் கழித்தும் சாதித்துக்கொண்டிருந்தார். கீபோர்டு வாசிக்கும் ஜில்லியன் கில்பர்ட், சுரங்களை ஏ4 தாள்களில் எழுதி, ஸ்டுடியோ நீளத்துக்கு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தட்டி ஏற்றினார். அதில் ஒரு சுரம் விட்டுப்போனது. அதனால் மெலடி தாளத்திலிருந்து கொஞ்சம் விலகி ஓடுகிறது. ரெக்கார்டில் இன்றும் அது அப்படியேதான் இருக்கிறது. அந்தப் பிசகைச் சரிசெய்திருந்தால் பாட்டு பாதி செத்திருக்கும் என்பது என் கட்சி.

இவ்வளவு மிஷின் வைத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது? 2022 அக்டோபரில் சான் ஃபிரான்சிஸ்கோ சேஸ் சென்டருக்கு டிக்கெட் எடுத்தபோது எனக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது. பெட் ஷாப் பாய்ஸோடு சேர்ந்து வந்த டூர் அது, 2020ல் நடக்க வேண்டியது கொரோனாவால் தள்ளிப்போயிருந்தது.

இருந்தது சம்னரின் குரல். அவர் பாடகராக வந்தவரே இல்லை. சம்னர், ஹுக், மோரிஸ் மூவரும் முதலில் இயன் கர்ட்டிஸோடு சேர்ந்து ஜாய் டிவிஷன் என்ற மான்செஸ்டர் குழுவாக இருந்தார்கள். 1980 மே 18, முதல் அமெரிக்க டூருக்குக் கிளம்ப வேண்டியதற்கு முந்தைய நாள், கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். வயது 23. அந்தப் பெயரை விட்டுவிட்டு, மிச்சமிருந்த மூன்று பேரும் மாற்றி மாற்றிப் பாடிப் பார்த்தார்கள். கடைசியில் வேலை சம்னர் தலையில் விழுந்தது. 66 வயதிலும், 'யாராவது பாடித்தானே ஆகணும்' என்று முன்னால் வந்து நிற்பவர் மாதிரிதான் அன்று பாடினார். மேல் ஸ்தாயி எட்டாத இடங்களைக் கூட்டம் பார்த்துக்கொண்டது. ரெக்கார்டில் தட்டையாகத் தோன்றிய குரல் நேரில் அப்படி இல்லை, கூச்சம் தெரிகிறது.

இல்லாதது ஹுக். பேஸ் கிட்டாரை முழங்கால் வரை தொங்கவிட்டு, அதன் மேல் சுரங்களில் மெலடி வாசிப்பவர். 2007ல் பிரிந்தார். 2011ல் மற்றவர்கள் அவரில்லாமல் சேர்ந்தார்கள், வழக்கு கோர்ட் வரை போய் 2017ல் சமரசமானது. இப்போது அவர் வாசித்ததையெல்லாம் டாம் சாப்மன் வாசிக்கிறார், பிழையில்லாமல். ஹுக் தனிக் குழு வைத்து இதே பாட்டுகளை வாசித்துக்கொண்டிருக்கிறார். முழு நியூ ஆர்டரைப் பார்க்க இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும்!

'ப்ளூ மண்டே' வந்தது. அந்த டிரம் தொடங்கியதும் மொத்த அரங்கமும் எழுந்துவிட்டது. யாரும் பட்டனைத் தட்டிவிட்டுப் போகவில்லை, மோரிஸ் குனிந்த தலை நிமிராமல் மிஷினோடு சேர்ந்து அடித்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக 'லவ் வில் டேர் அஸ் அபார்ட்'. கர்ட்டிஸ் எழுதிப் பாடியது, அவர் இறந்த அடுத்த மாதம் வெளிவந்தது. திரையில் ஜாய் டிவிஷன் பெயர். எனக்கு முன்னால் தலை நரைத்த ஒருவர் போனை எடுக்காமல், கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் கூடவே பாடிக்கொண்டிருந்தார். மேடையில் இருந்த ஐந்து பேரில் அந்த ரெக்கார்டில் வாசித்தவர்கள் இரண்டே பேர்.