பார் இல்லாத சைக்கிள்

போன மாதம் அண்ணன் மகளுக்கு ஆன்லைனில் ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். அம்பத்தூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அதற்கு ஒரு ரிவ்யூ எழுதி, அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ஸ்டீல் ஃபிரேம், 26 இன்ச் சக்கரம், முன்னால் கூடை, குறுக்கே பார் கிடையாது.

“இதெல்லாம் டப்பா மேலேயே போட்டிருக்கானே, நீ எதுக்குடா திருப்பி எழுதுற?”

நியாயமான கேள்வி. சாஃப்ட்வேர் வேலையில் எங்களுக்கும் இதைத்தான் சொல்லித் தருவார்கள்: பொருளில் என்ன இருக்கிறது என்பதோடு நிறுத்தாதே, ‘அதனால் என்ன?’ என்று கேள். வரும் பதில்தான் வாங்குகிறவருக்குப் பயன். கேட்டுப் பார்த்து, “பார் இல்லாததால் பாவாடை, புடவையோடு சுலபமாக ஏறலாம்” என்று மாற்றினேன்.

அம்மா சிரித்தாள். “பார் இல்லேன்னா உன்னை எங்கடா உக்கார வெச்சிருப்பேன்?”

அம்மாவுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். அவள் சைக்கிள் கற்றது அறிவொளி இயக்கத்தில். எனக்கு அப்போது இரண்டு வயது.

பாரின் கதை அதற்கும் நூறு வருடம் முந்தியது. 1885-இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி ‘ரோவர்’ சைக்கிளைக் கொண்டுவந்தார். அதன் வழியில் வந்த ஃபிரேம், இரண்டு முக்கோணங்களைச் சேர்த்த வடிவம். முன் முக்கோணத்தின் மேல் பக்கம்தான் பார். ஃபிரேம் முறுக்கிக்கொள்ளாமல் பிடித்து வைப்பது அதன் வேலை. நீண்ட கவுன் அணிந்த பெண்களால் அதைத் தாண்டிக் காலைப் போட முடியவில்லை. பாரை எடுத்துவிட்டு, கீழே வளைந்த குழாய் வைத்து ‘லேடீஸ்’ மாடல் செய்தார்கள். 1949-இல் இதே அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கப்பட்டபோது, உலகம் முழுக்க இந்தப் பிரிவினை பழகிப்போயிருந்தது. பார் இருந்தால் ஆண், இல்லாவிட்டால் பெண்.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் எழுத்தறிவு இயக்கம் தொடங்கியது. கலெக்டர் ஷீலா ராணி சுங்கத், சைக்கிள் பயிற்சியையும் அதோடு சேர்த்தார். பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார். விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், கிராம நர்சுகள் எல்லாரும் கற்றார்கள். 70,000-க்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் போட்டிகளில் கலந்துகொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். 1996-இல் வந்த அவருடைய புத்தகத்தில் அந்தக் கட்டுரை இருக்கிறது.

லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தது. பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். வேறு வழியில்லாமல் மட்டும் இல்லை. சிலர் அதைத்தான் விரும்பியே கேட்டார்கள் என்பதையும் சாய்நாத் பதிவு செய்கிறார். காரணம், பார். அதில் குழந்தையை உட்கார வைக்கலாம்.

“கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கிட்டா ஏறிடலாம்டா. புள்ளைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது?” என்றாள் அம்மா. பின்னால் கேரியரில் தண்ணீர்க்குடம், முன்னால் பாரில் நான்.

நூறு வருடமாகக் கம்பெனிகள் ‘அதனால் என்ன?’ என்று கேட்டு வைத்திருந்த பதில், ஆடை. தப்பான பதில் இல்லை. ஆனால் அது சைக்கிளில் ஏறும் ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்த பதில். புதுக்கோட்டைப் பெண்கள் தங்கள் முழு நாளையும் வைத்துப் பார்த்தார்கள். பஸ்ஸுக்குக் காத்து நிற்கும் நேரம், விற்க வேண்டிய காய்கறி, வீட்டில் தனியாக விட முடியாத பிள்ளை. பொருளின் பயனைப் பொருளை மட்டும் உற்றுப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதை வைத்திருப்பவரின் நாள் எப்படிப் போகிறது என்று தெரிய வேண்டும்.

ரிவ்யூவை அழித்துவிட்டு ஒரு வாரம் பொறுத்தேன். பிறகு அண்ணன் மகளிடமே கேட்டேன்: “சைக்கிள் எப்படிடா இருக்கு?”

“டியூஷன் முடிஞ்சா அப்பா வர்ற வரைக்கும் வாசல்ல நிக்க வேணாம், சித்தப்பா.”

கூடையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. பாரைப் பற்றியும் இல்லை. அவள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் ரிவ்யூவாகப் போட்டேன்.